ஞானையன் நடித்த பைத்தியம்

பெயிண்டர் ஞானையனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. புட்டி மாவு பூசித் தேய்த்த சுவரை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பின மேடு பள்ளம் கைக்குத் தப்பாது என்பார். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் முப்பத்தைந்து வருஷமாக அவர் கைபடாத சுவர் குறைவு. இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். பல்பைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, விழுகிற நிழலை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். கூட வேலை செய்கிற அஜீஷ் ஏன் என்று கேட்டால், "கை காய்ச்சுப் போச்சுலே" என்கிறார். கை ஒன்றும் காய்க்கவில்லை. சுவரில் கை வைக்க அந்த மனிதருக்கு வெட்கம்.

ஐம்பத்தெட்டு வயசில் ஒருவர் சுவரைக் கண்டு வெட்கப்படும்படி என்ன செய்துவிட்டார்? கொலையா, களவா? அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு சினிமாவில் நடித்தார், அவ்வளவுதான். அதுவும் நன்றாக நடித்துவிட்டார். மோசமாக நடித்திருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது.

ஞானையன் பிறந்தது எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில். அவருடைய அக்காவைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பக்கம். இங்கே பாதிக் குடும்பங்கள் அப்படித்தான், ஒரு கால் கேரளத்தில் ஒரு கால் தமிழ்நாட்டில். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், சபையில் பாதிரி ஐயர் எந்த ஊர்க்காரரோ அதற்குத் தக்கபடி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வரைக்கும் படித்தார். அதற்குப் பிறகு பாலராமபுரத்து காண்ட்ராக்டர் ஒருவரிடம் பிரஷ் கழுவப் போனவர், பத்து வருஷத்தில் தானே ஆள் வைத்து வேலை எடுக்கிற நிலைக்கு வந்துவிட்டார். குடி கிடையாது. வெற்றிலை உண்டு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் இருபது வருஷமாக அவர்தான் ஏரோது ராஜா. தொண்டை அப்படி. "பிடித்துக்கொண்டு வாருங்கள் அந்தக் குழந்தையை" என்று அவர் மேடையில் கத்தினால் முன்வரிசைக் குழந்தைகள் நிஜமாகவே அழும்.

மனைவி புஷ்பபாய் வீட்டிலிருந்து நைட்டி தைத்துக் கொடுப்பவள், மாதர் சங்கத்தின் செயலாளர். ஒரே மகள் ஜீனா மஸ்கட்டில் நர்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத குடும்பம்.

உள்ளே ஒன்று இருந்தது. ஜீனா பிறந்த பதினேழாம் நாள் புஷ்பபாய்க்குச் சித்தம் கலங்கிவிட்டது. பேறுகாலத்துக்குப் பின் சில பெண்களுக்கு வருவதுதான். மருந்து கொடுத்தால் போய்விடுவதுதான். ஆனால் அப்போது இதை யார் சொன்னார்கள்? ஊருக்கு மஞ்சக்காமாலை என்று சொல்லியாயிற்று. இந்தப் பகுதியில் அந்த மாதிரி நோய்க்கு ஒரு நடைமுறை உண்டு. இந்தப் பக்கத்துக்காரர்கள் நாகர்கோவிலுக்குப் போவார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரத்துக்கு வருவார்கள். எல்லை தாண்டினால் மானம் தப்பும் என்று இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் ஒரே நம்பிக்கை. ஞானையனும் அப்படித்தான் செய்தார். பாறசாலையில் பஸ் ஏறினால் யாராவது பார்ப்பார்கள் என்று, ஆட்டோவில் பனச்சமூடு போய் அங்கிருந்து பஸ் பிடித்தார். நாலு மாசத்தில் புஷ்பபாய் பழைய புஷ்பபாயாகிவிட்டாள்.

தெளிந்ததும் அவள் இரண்டு காரியம் கேட்டாள். ஒன்று, "இது யாரும் அறியப்பிடாது. ஜீனாவும் அறியப்பிடாது." ஞானையன் வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தார். இரண்டாவது, "நான் எப்பிடி கெடந்தேன்? என்னவெல்லாம் செய்தேன்?" அவளுக்கு ஒன்றுமே நினைவில்லை. "சும்மா கூரை மோட்டைப் பாத்துட்டுக் கெடந்த. வேற ஒண்ணும் இல்ல" என்றார் ஞானையன். அவள் அதை நம்பினாள். இருபத்தாறு வருஷம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சத்தியத்தை அவர் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும், சினிமாக்காரர்கள் வரும்வரைக்கும்.

சினிமாக்காரர்கள் என்றால் லாரியும் ஜெனரேட்டருமாக வந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய கார், ஒரு பைக், ஆறு பேர். டைரக்டர் அனூப் நெய்யாற்றின்கரைப் பையன், கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். கேமராக்காரன் விபின் அவனுக்குக் கூட்டு. படத்துக்குப் பேர் 'கறுத்த முறி', அதாவது கறுப்பு அறை. தான் வரைகிற படத்தை ஒருவரும் வாங்காத ஒரு ஓவியன் தனியாக ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து ஒரு பெண்ணைச் சுவரில் வரைகிறான். அவள் கண் இமைக்க ஆரம்பிக்கிறாள். இவனுக்குப் புத்தி பேதலித்து, கடைசியில் தன்னையே சுவருக்குள் வரைந்து மூடிக்கொள்கிறான். இதுதான் கதை. பேயாக வருகிறவளுக்கு பாலராமபுரத்தில் கறைபட்டுக் கழித்துப்போட்ட கேரளத்து வெள்ளைச் செட்டுமுண்டு. இரத்தத்துக்கு பீட்ரூட்டும் மைதாவும் சேர்த்துக் காய்ச்சிய கூழ். மத்தியானம் ஆனதும் அதில் எறும்பு மொய்த்து, பேய் சொறிந்துகொண்டே நின்றது.

படம் பிடித்தது அனூப்பின் சித்தப்பாவுக்குச் சொந்தமான புகைப்புரையில். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உணக்குகிற அறை. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் ஏற்கெனவே கரி. செட்டுப் போடுகிற செலவு மிச்சம். நட்டுச்சி வெயிலில் கதவை அடைத்தால் உள்ளே பாதிராத்திரி. ஒரு பக்கச் சுவரை மட்டும் படம் வரைய வெள்ளையடிக்க வேண்டும். அதற்குத்தான் ஞானையனைக் கூப்பிட்டார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த நடிகர் இரண்டாம் நாள் அந்தப் புகை நாற்றத்தில் வாந்தியெடுத்தார், மூன்றாம் நாள் வரவில்லை. அனூப் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். சுவர் அடித்துக்கொண்டிருந்த ஞானையன் ஏணியிலிருந்து இறங்கி, ஏதோ ஆறுதல் சொல்லப் போனார். அவன் நிமிர்ந்து அவரையே பார்த்தான்.

"மாமா, நம்ம சபையில ஏரோது வேஷம் போடுறது நீங்களாக்கும், இல்லியா?"

"ஆமா மக்கா. அதுக்கு?"

"பிரஷும் பிடிக்கத் தெரியும். இனி நான் எங்க போய் ஆளைத் தேடணும்?"

அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அதுவரைக்கும் எந்த வேலை நடக்கிற இடத்திலும் ஞானையனுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. கவிழ்த்த பெயிண்ட் வாளிதான் அவருடைய ஆசனம். நாற்காலியில் உட்கார்ந்ததும், எழுந்திருக்க மனசு வரவில்லை. இதையும் சொல்லத்தானே வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த ஆசைதான் முதல் காரணம்.

ஆனால் முதல் நாள் நடிப்பு கண்ணராவி. ஞானையனுக்குத் தெரிந்தது ஏரோதுதான். ஓவியனுக்குப் பைத்தியம் பிடிக்கிற இடத்தில் கண்ணை உருட்டினார், முடியைப் பிய்த்தார், ஹா ஹா என்று சிரித்தார். விபின் கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டான். அனூப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தான்.

"மாமா, இது பைத்தியம் இல்ல. நாடகமாக்கும். நிசமா இப்பிடி உள்ள ஆளுவளை நீங்க பாத்ததே இல்லியா? ஒராளையாவது?"

"இல்லப்போ" என்றார் ஞானையன். சொன்ன பொய்யின் சூடு காதுமடலில் தெரிந்தது.

"நாளைக்கும் சரியாகல்லேன்னா படத்தை நிறுத்த வேண்டியதுதான் மாமா. வேற வழி இல்ல."

மறுநாள் மத்தியானம், சோறு தின்றுவிட்டு எல்லாரும் கிறங்கிக் கிடந்த நேரம். கதவை அடைத்தார்கள். ஒரே ஒரு விளக்கு. சுவரில் பாதி வரைந்த பெண்ணின் முகம். "கேமரா ஓடுது மாமா" என்றான் விபின். ஞானையனுடைய வலது கை சுவரில் போய் உட்கார்ந்தது. தட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. மெதுவாக, ஒரே தாளத்தில், கைக்குழந்தையின் முதுகில் தட்டுவது மாதிரி. "ஒறங்கு மக்கா, ஒறங்கு" என்றார். அது ஏரோதின் குரல் இல்லை. தட்டுவதை நிறுத்தினார். சுண்டுவிரலை நாக்கில் தொட்டு, சுவரில் ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் ஒரு பொட்டைத் துடைத்தார். காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்காத யாரையோ பார்த்து, சத்தம் போடாதே என்று விரலைக் காட்டி, சந்தோஷமாகச் சிரித்தார்.

பேய் வேஷம் கட்டியிருந்த பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அனூப் 'கட்' சொல்ல மறந்துவிட்டான்.

"எங்கேந்து மாமா கிட்டிச்சு இது?" என்று கேட்டான் அவன்.

"சும்மா. தோணிச்சு."

முதல் தடவை கை தன்னால் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். ஞானையனும் ரொம்ப நாள் தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிப் பார்த்தார். ஆனால் அனூப் "ஒண்ணுகூடி எடுக்கலாம் மாமா" என்றானே, அப்போது? இரண்டாம் தடவை தெரிந்துதான் செய்தார். முதல் தடவை விட்டுப்போன ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. கேட்டு முடித்துச் சிரிக்கும் முன்னால் அவள் மாராப்பைச் சரிசெய்வாள். இவருக்கு மாராப்பு இல்லை, சட்டைப் பித்தானைத் தடவினார். மூன்றாம் தடவை முகத்துக்கு மட்டும். நாலாம் தடவை கைக்கு மட்டும். நாலு தடவை பெண்டாட்டியை எடுத்துச் சந்தையில் வைத்தார் அந்த மனிதர். ஒவ்வொரு தடவையும் அவர்கள் கைதட்டினார்கள், அவருக்கு அது பிடித்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது புஷ்பபாய் சுடுவெள்ளம் வைத்துக் காத்திருந்தாள். "நடிப்பு எப்பிடி?" என்று ஆசையாகக் கேட்டாள். "கொழப்பம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். கரி போய்விட்டது.

படம் தியேட்டருக்கு வரவில்லை. வருகிற ஜாதியும் இல்லை. போனில் பார்க்கிற ஏதோ ஒன்றில் வந்தது. அதில் ஒரு துண்டு மட்டும் தனியாக வெட்டுப்பட்டு, நாடெல்லாம் ஓட ஆரம்பித்தது. எது என்று சொல்லவா வேண்டும்? கிழவன் ஒருவன் சுவரைத் தட்டி "ஒறங்கு மக்கா, ஒறங்கு" என்கிறான். பிள்ளைகள் அதை வைத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரிச் சுவரைத் தட்டினார்கள், பஸ்ஸைத் தட்டினார்கள், தூங்குகிற நண்பனின் வழுக்கையைத் தட்டினார்கள். பனச்சமூட்டில் சாயா குடிக்கப் போனால், கடைக்காரர் அலமாரியைத் தட்டி "ஒறங்கு மக்கா" என்று சொல்லித்தான் சாயாவே தருவார். பிரியமாகத்தான் செய்தார்கள். ஞானையன் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

புஷ்பபாய் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. "அந்தச் சின்ன போன்ல பாத்தா ஒண்ணும் வெளங்காது. பெரிய திரையில ஒருநாள் காட்டுதேன். அதுவரை பாக்காத" என்று சொல்லி வைத்தார். "செரி, நான் பெருசுலயே பாக்கேன்" என்று அவளும் ஒரு விரதம் மாதிரி எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி போனை நீட்டினால்கூடக் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் அவள் போன் மேஜைமேல் கிடந்து முழங்கியது. ஜீனா மஸ்கட்டிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஞானையன் எடுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சுவர். நர்ஸ் உடுப்பில் ஜீனா, அதைத் தட்டிக்கொண்டே, "ஒறங்கு மக்கா, ஒறங்கு. இது எனக்க அப்பாவாக்கும்!" என்று சொல்லிச் சிரிக்கிறாள். தாய் அன்றைக்கு வீட்டுச் சுவரைத் தட்டியபோது தொட்டிலில் கிடந்து அழுத பிள்ளை. ஞானையன் அந்த வீடியோவை மனைவியின் போனிலிருந்து அழித்தார். சொந்த வீட்டில், சொந்த மனைவியின் போனில், கள்ளனைப் போல நின்று அழித்தார்.

இத்தோடு போயிருந்தாலும் போயிருக்கும். காரியத்தைக் கெடுத்தது ஸ்தோத்திரக் காணிக்கை. சபையில் உள்ள வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு நன்மை நடந்தால் கவரில் காணிக்கை போட்டுக் காரணத்தையும் எழுதிக் கொடுப்பார்கள். ஐயர் அதை எல்லாரும் கேட்க வாசிப்பார். பிள்ளைக்கு விசா, மருமகளுக்குச் சுகப்பிரசவம், வீட்டுக்கு வாட்டர் கனெக்ஷன், எல்லாம் வாசிக்கப்படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானையன் வெற்றிலை வாயோடு அரைத்தூக்கத்தில் இருக்கும்போது ஐயர் வாசித்தார். "ஞானையன் புஷ்பபாய் குடும்பம். ஞானையன் அவர்களை ஆண்டவர் சினிமாவில் உயர்த்தியதற்காக." புஷ்பபாய் பெண்கள் பக்கத்திலிருந்து அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

காணிக்கை போட்டால் அதோடு முடியாது. புதுக் கார் வாங்கியதற்குக் காணிக்கை போட்டவன் காரைச் சபை முற்றத்தில் கொண்டு நிறுத்த வேண்டும், எல்லாரும் தொட்டுப் பார்க்க வேண்டும். நன்றி சொல்லியாயிற்று, வஸ்துவைக் காட்டு என்பதுதான் இங்கே சட்டம். வாலிபர் சங்கத்து எபின் ஆராதனை முடிந்ததும் ஓடி வந்தான். "மாமா, அடுத்த ஞாயிறு மத்தியானம் நம்ம ஹாலில படத்தைப் போடலாம். புரொஜெக்டர் உண்டு."

"அது பேய்ப் படம்லே. கோயில் ஹாலில போடியதா?"

"கருத்து உண்டு மாமா. ஜெபிக்காத கலைஞன் எப்பிடி நசிச்சுப் போவான்னு உள்ள கருத்து. ஐயரு சம்மதிச்சாச்சு."

ஞானையன் மனைவியைப் பார்த்தார். "வேண்டாம் புஷ்பம். ஆளுவ என்ன நெனைப்பாவ?"

"ஸ்தோத்திரம் வெச்சாச்சு. இனி காட்டாம ஒளிச்சு வெச்சா, நாம கள்ளம் சொன்ன மாதிரியில்லா ஆவும்?" என்றாள் அவள். "ஒரு வருசமா நான் பாக்காம பொறுத்துட்டு இருக்கேன். எனக்குக் காட்டாண்டாமா?"

அந்த ஒரு வாரம் ஞானையன் சோறு தின்றது பேருக்குத்தான். அவளிடம் முன்னாடியே சொல்லிவிடலாமா என்று ஏழு நாளும் வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும், அவளுக்குத்தான் ஒன்றும் நினைவில்லையே, அவளே அறியாத ஒன்றை அவள் எப்படி அடையாளம் காண்பாள் என்று ஒரு கோழை நியாயம் உள்ளேயிருந்து எழுந்து அவர் வாயை அடைத்தது.

ஞாயிறு மத்தியானம் ஹால் நிரம்பிவிட்டது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. புஷ்பபாய் நல்ல சேலை உடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஞானையனைப் பக்கத்திலேயே உட்கார்த்தினார்கள். முதல் அரைமணி நேரம் அவள் அவர் கையைக் கிள்ளிக் கிள்ளிச் சிரித்தாள். "அய்ய, நீங்க இப்பிடியும் நடிப்பியளா?" என்றாள். பேய் வந்தபோது வாயைப் பொத்தி, "அந்த முண்டு கிழிஞ்சிருக்கு" என்றாள்.

பிறகு அந்த இடம் வந்தது. திரையில் கை சுவரில் போய் உட்கார்ந்தது. ஹாலில் எல்லாருக்கும் தெரிந்த இடம்தானே! குழந்தைகளும் வாலிபர்களும் மாதர் சங்கத்துப் பெண்களும் ஒரே குரலில், பாட்டுப் பாடுவது போல, "ஒறங்கு மக்கா, ஒறங்கு" என்றார்கள். ஒரே சிரிப்பு. ஞானையன் திரையைப் பார்க்கவில்லை. மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த வலது கை, தொடையில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. அதே தாளம். அடுத்து என்ன வரும் என்று ஹாலில் யாருக்கும் தெரியாது, போனில் ஓடிய துண்டு அதோடு முடிந்துவிடும். திரையில் ஞானையன் சுண்டுவிரலை நாக்குக்குக் கொண்டுபோகும் முன்னாலேயே புஷ்பபாயின் சுண்டுவிரல் அவள் உதட்டுக்குப் போய்விட்டது. அவர் சுவரில் காது வைக்கும் முன்னால் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் சட்டைப் பித்தானைத் தடவும் முன்னால் அவள் கை சேலை மாராப்பில் இருந்தது. அதற்கப்புறம் அவள் தன் கையை, அது வேறு யாருடையதோ என்பது போல, குனிந்து பார்த்தாள். இரண்டு கையையும் சேர்த்து இறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். படம் முடியும்வரை எடுக்கவில்லை.

விளக்குப் போட்டதும் ஐயர் ஞானையனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். "இவ்வளவு தத்ரூபமான நடிப்பை எங்கே கற்றுக்கொண்டீர்கள்? வாலிபர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று மைக்கைக் கையில் திணித்தார். ஞானையன் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் புஷ்பபாய் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கர்த்தர் தந்ததாக்கும்" என்றார் ஞானையன்.

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. மனைவியை விற்ற பழியை ஆண்டவர் தலையில் போட்டாயிற்று, அதுவும் கோயில் ஹாலில் வைத்து, பொன்னாடையோடு.

வீட்டுக்கு நடந்துதான் வந்தார்கள். வழியில் பார்த்தவர்களிடம் புஷ்பபாய் சிரித்தாள், நலம் விசாரித்தாள். வீட்டில் சேலையை மாற்றிவிட்டு அடுக்களைக்குப் போய் அரிசி களைய உட்கார்ந்தாள். ஞானையன் பொன்னாடையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி பின்னாலேயே அடுக்களை வாசல் நடை வரைக்கும் போனார்.

"ஜீனாக்க அப்பா" என்றாள் அவள் நிமிராமலே. "ஒண்ணு கேக்கேன். கள்ளம் சொல்லப்பிடாது."

"கேளு."

"அது நானாக்கும். இல்லியா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெட்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. "ஆமா" என்றார். "மன்னிச்சிரு புஷ்பம். நான் ஒராளிட்டயும் வாய் தொறக்கல்ல. சத்தியமா ஒராளிட்டயும் சொல்லல்ல. கை போச்சு. ஜீனாவுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது."

"ஊரைப் பத்தி நான் கேக்கல்ல. ஊருக்கு அது நீங்கதான். அதுல எனக்கு ஒரு வெசனமும் இல்ல." அரிசியை இன்னொரு தடவை களைந்தாள். "சும்மா மோட்டைப் பாத்துட்டுக் கெடந்தேன்னு சொன்னிய."

"நீ வெசனப்படுவன்னு."

"நான் செவுத்தைத் தட்டிட்டு நின்னப்போ பிள்ளை எங்க கெடந்தா?"

"தொட்டில்ல."

"அழுதாளா?"

ஞானையன் பொன்னாடையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"அழுதா" என்றார் அவர்.

"யாரு எடுத்தா?"

"உனக்க அக்கா. வெள்ளறடையிலேந்து வருவாள்லா, அவ வந்து எடுப்பா."

"அவ வரது வரைக்கும்?"

ஞானையன் சட்டியில் கிடந்த அரிசியைப் பார்த்தார். புஷ்பபாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவரை நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது அவருக்கு.

"வெரலை நாக்குல தொட்டது, பொட்டைத் துடைச்சது, காது வெச்சது, மாராப்பைச் செரியாக்கினது. ஒண்ணு விடாம செஞ்சிருக்கிய. எனக்கே ஓர்மை இல்லாதது எனக்க கைக்கு ஓர்மை வந்துது. ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போனவனுக்கு இது வராது. நின்னு பாக்கணும். நாள் கணக்குல நின்னு பாக்கணும். பிள்ளை அழ அழ, நீங்க எங்க நின்னிய?"

"முறிக்க வாசல் நடையில" என்றார் ஞானையன். "பேடிச்சுப் போச்சு புஷ்பம். நீ திரும்பி என்னைப் பாத்துருவியோன்னு பயம். அதான் உள்ள வரல்ல."

"நாலு அடி வெச்சா தீந்துபோற முறியாக்கும் அது" என்றாள் புஷ்பபாய். "உள்ள வந்து எனக்க கையைப் பிடிச்சிருக்கலாமே."

பொன்னாடை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

"இப்பமும் நடையிலதான் நிக்கிய" என்றாள். அரிசியை எடுத்து அடுப்பில் போடத் திரும்பிக்கொண்டாள்.